மழைக்கும் மிளகுக்கும் நடுவில் ஒரு பத்தாம் வகுப்பு

கூடலூருக்கும் பந்தலூருக்கும் நடுவில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு கிடைத்த வேலை இது. அதுவரை தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தேன்.

நீலகிரி என்றதும் சமவெளிக்காரர்களுக்கு ஊட்டிதான் நினைவுக்கு வரும். கூடலூர் வேறு உலகம். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாக இறங்கும்போது குளிர் குறைந்து மழை கூடுகிறது, மலை கேரளத்துப் பக்கம் சாய்கிறது. ஒருபுறம் வயநாடு, ஒருபுறம் நிலம்பூர், மறுபுறம் முதுமலைக் காடும் அதற்கப்பால் கர்நாடகமும். மூன்று மாநிலங்கள் இங்கே கூடுவதை எங்கள் வருகைப் பதிவேட்டைப் படித்தாலே தெரிந்துகொள்ளலாம். மலையாளம் பேசும் மாப்பிள்ளை முஸ்லிம் பிள்ளைகள், திருவிதாங்கூரிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகள், பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், வீட்டில் கன்னடம் பேசுபவர்கள், ஒன்றிரண்டு படுகப் பிள்ளைகள். சில ஆண்டுகளாக, எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேருக்குமேல் தமிழ் வீட்டு மொழி இல்லை. ஆனால் பொதுத்தேர்வில் எல்லோரும் எழுத வேண்டியது ஒரே வினாத்தாள்.

நானும் இந்தக் கலவையிலிருந்து வந்தவன்தான். என் பிறந்த ஊர் பொகவந்தலாவை. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். பின்னால் டான்டீ என்று பெயர் பெற்றது அந்தத் தோட்டம்தான். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லைன் வீட்டில் வளர்ந்தேன். ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் படித்து முடித்ததும் ஒரு தனியார் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது.

டீ மேக்கர் வேலை பெரும்பாலும் இரவு வேலை. பகலில் பறித்த கொழுந்து சாயங்காலம் வந்து இறங்கும். வாட்டும் தொட்டியில் பரப்பி, பதம் பார்த்து, சி.டி.சி. ரோலரில் விட்டு, நிறம் மாறும்வரை காத்திருந்து, டிரையருக்கு அனுப்ப வேண்டும். எப்போது போதும் என்று முடிவெடுப்பது மூக்கும் கண்ணும்தான். 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது மலையில் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. எங்களுடையது மூடவில்லை, ஆனால் வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. ஓய்ந்திருந்த மாலைகளில் லைன் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். காசு வாங்கவில்லை, காசு கொடுக்கும் நிலையில் யாரும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த மாலைகளுக்காகவே பகலைக் கழிக்கும் ஆளாகிவிட்டேன். மனைவி அதைக் கவனித்து, "நீங்க பி.எட். எழுதிப் போடுங்க" என்றாள்.

அப்போது பி.எட். ஓராண்டுப் படிப்பு. என்னைவிடப் பதினைந்து, இருபது வயது சின்னவர்களோடு உட்கார்ந்து படித்தேன். பிறகு தகுதித் தேர்வு. கல்வி உரிமைச் சட்டம் வந்ததை ஒட்டித் தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012-ல் நடந்தது. நான் 2013-ல் எழுதினேன். 150 கேள்விகள், 90 எடுத்தால் தேர்ச்சி. நைட் ஷிஃப்டில் டிரையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்ற பகுதியைப் படித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னைப் போல் தாமதமாக வந்தவர்கள் பலர் இதில் அடிபட்டார்கள். 2014-ல் வெயிட்டேஜ் முறையில் பணி நியமனம் நடந்தது. தகுதித் தேர்வு மதிப்பெண்ணுக்கு அறுபது. மீதி நாற்பது பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களுக்கு. 1980-களின் கடைசியில் பிளஸ் டூ எழுதியவர்கள் வாங்கிய மதிப்பெண்ணையும், 2005-க்குப் பிறகு எழுதியவர்கள் வாங்கிய மதிப்பெண்ணையும் ஒரே தராசில் வைத்தார்கள். எங்கள் காலத்தில் ஆயிரத்தைத் தொட்டவனை ஊரே பார்க்க வரும். தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்ததால் நான் தப்பித்தேன். என்னோடு படித்த, என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கக்கூடிய இரண்டு பெண்கள் அந்த நாற்பதில் விழுந்தார்கள். 2018-ல் வெயிட்டேஜை எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஒருவர் டெய்லரிங் யூனிட்டில் சூப்பர்வைசராகிவிட்டார். அவர் வகுப்பில் நின்றிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு வழி பிறந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேலையில் சேர்ந்தபோது ஹெச்.எம். மேடம் என்னைவிட ஆறு வயது இளையவர். உடன் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட மிகவும் இளையவர்கள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை; நானும்தான். வேலை கற்றுக்கொள்ளும் இடத்தில் வயது வழிவிட்டு நிற்க வேண்டும் என்பது ஃபேக்டரியில் பழகியது. தமிழ் டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் பாடம் எடுக்கும் முறையைக் கேள்விப்பட்டு, எனக்கு ஓய்வுப் பாடவேளை வரும்போதெல்லாம் அனுமதி கேட்டு அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

கேள்வி கேட்டுவிட்டு அவர் காத்திருப்பார். நிஜமாகவே காத்திருப்பார். வகுப்பு முழுக்க அமைதியாக இருக்கும், யாரோ நெளிவார்கள், அவர் பேசமாட்டார். முதல் கை எப்போதும் முன் பெஞ்சில்தான் எழும். அந்தக் கையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இன்னும் காத்திருப்பார். நான்காவது, ஐந்தாவது கை எழும்வரை. பிறகு ஐந்தாவது கையை எழுப்பிப் பேசவைப்பார்.

"அந்தப் புள்ள வீட்டுல பணியர் பாஷை சார்" என்று பிறகு சொன்னார். "நம்ம கேள்வி அவளுக்குள்ள போயி, அவ பாஷைல பதிலாகி, திரும்பத் தமிழுக்கு மாறி வரணும். அதுக்கு நேரம் ஆகும். நாம அந்த நேரத்தைக் குடுக்கறதில்ல. அப்புறம் அவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு எழுதி வெச்சிடறோம்."

இந்தப் பள்ளியில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தக் கடைசி பெஞ்சில் கற்றது.

பாடத்தின் வரிசையை நான் மாற்றிக்கொள்கிறேன். 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அட்டையும் முயலும் ஒரு பாடம். புத்தக வரிசைப்படி போனால் அது வரும்போது மழை ஓய்ந்து, வெயில் ஏறி, அட்டை மண்ணுக்கடியில் போயிருக்கும். நான் ஜூன் கடைசியிலேயே எடுத்துவிடுகிறேன். தென்மேற்கு மழை பிடித்த நாளில் பிள்ளைகள் வராண்டாவில் நின்று காலுறையைத் திருப்பி அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார்கள். புத்தகத்தில் இருப்பது நன்னீரில் வாழும் கால்நடை அட்டை, ஹிருடினேரியா கிரானுலோசா. எங்கள் கணுக்காலில் ஏறுவது நில அட்டை, சின்னது. ஆனால் முன்னும் பின்னும் ஒட்டுறிஞ்சி, உள்ளே மூன்று தாடை, வளையம் வளையமான உடம்பு என்று அமைப்பின் அடிப்படை ஒன்றுதான். பாடம் நடத்த வேண்டிய உயிர் வாசல்வரை நடந்து வந்திருக்கும்போது படத்தை மட்டும் காட்டுவானேன்?

ஓர் ஆண்டு அந்தப் பாடத்தில், கடித்த இடத்தில் ரத்தம் ஏன் உடனே நிற்பதில்லை என்று கேட்டேன். டீச்சரிடம் கற்றபடி காத்திருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பணியர் பையன் பக்கத்தில் இருந்தவனிடம் தன் மொழியில் ஏதோ சொன்னான். பக்கத்தில் இருந்தவன் மாப்பிள்ளை முஸ்லிம் பையன். பணியர் மொழி மலையாளத்துக்கு நெருக்கம் என்பதால் அவனுக்குப் புரிந்தது. "சார், அதோட எச்சில்ல ஏதோ மருந்து இருக்காம், அதான் வலிக்கவும் செய்யாது, ரத்தமும் கட்டாதுன்னு சொல்றான்" என்றான். ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹிருடின் என்ற பொருளைப் பற்றிப் புத்தகம் ஒரு வரியில் சொல்கிறது. பையனை எழுப்பினேன். பேசு, உன் மொழியிலேயே பேசு, அவன் சொல்லட்டும் என்றேன். அட்டை எந்தப் புதரில் இருக்கும், ஆள் வருவது அதற்கு எப்படித் தெரியும், புகையிலையும் சுண்ணாம்பும் எப்படிக் கலந்து காலில் தடவ வேண்டும், உப்பு போட்டால் எப்படிச் சுருங்கும் என்று பாடவேளை முடியும்வரை பேசினான். நடுவில் மொழிபெயர்த்தவனும் தன் உம்மா செய்யும் வைத்தியத்தைச் சேர்த்துக்கொண்டான்.

உப்பு போட்டால் ஏன் சுருங்குகிறது? அந்தக் கேள்வியை அடுத்த நாளுக்குக் கொண்டுபோனேன். உருளைக்கிழங்கைக் குடைந்து உப்பைப் போட்டுப் பார்த்தோம். குழியில் தண்ணீர் ஊறியது. சவ்வூடு பரவல் என்று கரும்பலகையில் எழுதினேன். அது வேறொரு பாடத்தில், தாவரங்களின் கடத்துதலில் வரும் விஷயம். அங்கே போய்ச் சேரும்போது இவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது.

அடுத்த வாரம் தேர்வு வைத்தேன். அந்தப் பையன் அட்டையைப் பற்றி எழுதியது இரண்டு வரி.

நான் செய்யும் வேலை எது என்று எனக்குத் தெளிவானது அந்த விடைத்தாளில்தான். இந்தப் பிள்ளைகளுக்கு அறிவியல் தெரியவில்லை என்பது பொய். தெரிந்ததற்கும் விடைத்தாளுக்கும் நடுவே அவர்கள் கடந்தாக வேண்டிய தூரம், சமவெளியில் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளை கடக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்கு. தேர்வு அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்படியானால் நான் எடுக்க வேண்டும்.

தமிழ் டீச்சரும் நானும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினோம். முதலில் கையால் செய்வது, பிறகு எந்த மொழியிலும் பேசுவது, பிறகு பேசியதை ஒருவர் சொல்ல இன்னொருவர் தமிழில் எழுதுவது, கடைசியில் புத்தகத்தின் கலைச்சொல்லை அந்த எழுத்துக்குள் கொண்டுவந்து வைப்பது. புத்தக வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்வது கடைசி வழி. படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் அங்கே வாக்கியம் வேண்டாம், சொல் போதும். காட்டையும் செடியையும் கூர்ந்து பார்த்துப் பழகிய பிள்ளைகள் வரையும் படங்கள் என்னை இன்றும் வியக்கவைக்கின்றன. அந்தப் பையன் பொதுத்தேர்வில் அறிவியலில் ஐம்பதைத் தாண்டினான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எடுத்த பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. அவனுடைய ஐம்பது எனக்கு அதற்குக் குறைந்ததில்லை.

தேயிலையிலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு வாய்த்த ஒரு பாடமும் உண்டு. வேதிவினையின் வேகத்தைப் பற்றிய பகுதியில், வினைபடு பொருளின் புறப்பரப்பு கூடினால் வேகம் கூடும் என்று வரும். புத்தகம் கால்சியம் கார்பனேட்டையும் அமிலத்தையும் சொல்கிறது. நான் இரண்டு பிடி கொழுந்து கொண்டுபோவேன். ஒரு பிடி அப்படியே மேசைமேல் இருக்கும். இன்னொரு பிடியைப் பிள்ளைகள் உள்ளங்கையில் கசக்கிப் பிழிந்து பரப்பி வைப்பார்கள். பாடவேளை முடிவதற்குள் கசக்கியது செம்பு நிறமாகும், மணமும் மாறும். இலைக்குள் தனித்தனியே இருந்த நொதியும் பாலிஃபீனாலும் கசக்கியதால் கலந்து, காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. சி.டி.சி. ரோலர் கொழுந்தை நறுக்கிக் கிழித்துச் சுருட்டுவது இதற்காகத்தான் என்று சொல்வேன். ஃபேக்டரிக்காரர்கள் இதை ஃபெர்மென்டேஷன் என்கிறார்கள். ஈஸ்டுக்கு இதில் வேலை இல்லை, நடப்பது ஆக்சிஜனேற்றம். டிரையரின் சூடு நொதியை அழித்து வினையை நிறுத்துகிறது.

வகுப்பில் பல பிள்ளைகளின் அம்மாக்கள் நாளெல்லாம் கொழுந்து பறிப்பவர்கள். ஆனால் பறித்த இலை ஃபேக்டரிக் கதவுக்குப் பின்னால் என்ன ஆகிறது என்று அநேகமாக யாரும் பார்த்ததில்லை. ஒரு மாணவி வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறாள். அந்த அம்மா எடை போடும் இடத்தில் என்னைப் பார்த்து, "இத்தன வருசமா பறிக்கிறேன் சார், எம் மவ சொல்லித்தான் தெரியுது" என்றார். பழைய டீ மேக்கராக எனக்கு அவரைத் தெரியும். அவர் கூடையில் முற்றல் இலை இருந்ததே இல்லை. அதையும் அவர் மகளிடம் சொன்னேன்.

குழுக்கள் பற்றிச் சொல்ல வேண்டும். தானாக விட்டால் பிள்ளைகள் மொழிவாரியாக, சாதிவாரியாக, லைன்வாரியாக உட்காருவார்கள். பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசை. மிரட்டி மாற்றினால் பயத்தில் மாறுவார்கள், நான் போனதும் திரும்பிவிடுவார்கள். ஆய்வகத்தில் சீட்டுக் குலுக்கி நான்கு நான்கு பேராகப் பிரிக்கத் தொடங்கினேன். ஒரு பியூரெட், ஒரு பிபெட், ஒரு நோட்டு. எழுதுகிறவர், ஊற்றுகிறவர், பார்க்கிறவர், சொல்கிறவர் என்று வேலை வாராவாரம் மாறும். செய்முறைக்கு 25 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75. எழுத்தில் தடுமாறும் பிள்ளைகள் செய்முறையில் கைநடுக்கம் இல்லாமல் செய்வதை மற்றவர்கள் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மதிய உணவு வரிசை முடிந்து வட்டமாக உட்காரும்போது இன்னமும் சில வட்டங்கள் தனியாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஆய்வக நோட்டை வாங்கிப் போக லைன் பிள்ளைகள் பழங்குடியினர் காலனிக்குப் போகிறார்கள். முன்பு அந்தப் பாதையில் அவர்கள் நடந்ததில்லை.

ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு மாணவி எட்டாம் வகுப்பில் சேர்ந்தபோது தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டவள் ஒரு டான்டீ லைன் பெண். இலங்கையிலிருந்து வந்து, இருக்கும் இடத்தில் ஒட்டாமல் சில காலம் தவித்த கதை அவள் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள். இருவரும் மதிய இடைவேளையில் பள்ளிச் சுவரில் இருந்த தனிம வரிசை அட்டவணையை வைத்துத் தமிழ் படித்தார்கள். குறியீடுகள் எல்லா மொழியிலும் ஒன்று என்பதால் அங்கிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தது அவர்கள்தான்.

எங்கள் பள்ளியின் நாட்காட்டி அரசின் நாட்காட்டியோடு முழுக்கப் பொருந்துவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் மழைக்காக ஆட்சியர் விடுமுறை விடுவார். சனிக்கிழமைகளில் ஈடுகட்ட வேண்டும். டிசம்பரில் காப்பி பழுக்கும். அதை ஒட்டி மிளகு. பணியர் குடும்பங்கள் பல, அறுவடைக்குக் குடகுப் பக்கம் போய் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். சரியாக அப்போதுதான் அரையாண்டுத் தேர்வும் திருப்புதல் தேர்வும். கோடை பிறந்தால் காட்டுநாயக்கர் குடும்பங்களில் தேன் எடுக்கும் காலம். ஆசிரியர் அறையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: எந்தப் பிள்ளையின் வீடு எந்த மாதம் எங்கே போகும் என்று. காப்பிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நவம்பருக்குள் முடிக்க வேண்டிய பாடங்களைத் தனியாகப் பிரித்து எடுக்கிறோம். ஜனவரியில் பழங்குடியினர் நல விடுதியில் தங்கவைக்க முடிகிறதா என்று ஹெச்.எம். முன்கூட்டியே பேசுவார். பாட்டி ஊரில் இருக்கிற வீடு என்றால் பாட்டியிடம் நானே போய்ப் பேசுவேன்.

மாலை நேரச் சிறப்பு வகுப்பு என்ற வழக்கத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பத்தாம் வகுப்பு என்றாலே காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை, ஆறு வரை பிள்ளைகளைப் பிடித்துவைப்பது தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. எங்கள் மலையில் அது ஆபத்து. காட்டோரக் காலனிகளுக்குப் போகும் வழி யானை இறங்கும் வழி. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் யானை தாக்கி ஆள் இறக்காத ஆண்டு இல்லை. தேர்ச்சி விகிதம் பேசப்படும் கூட்டத்தில் சிறப்பு வகுப்பு எத்தனை மணிநேரம் என்று கேட்பார்கள். நாங்கள் மாலையில் நடத்துவதில்லை என்று எழுந்து சொன்னேன், ஹெச்.எம். என்னோடு நின்றார். காலை முதல் பாடவேளையையும் மதிய இடைவேளையில் பாதியையும் எடுத்துக்கொள்கிறோம். நான்கரைக்குள் எல்லாப் பிள்ளைகளும் பாதையில் இருக்க வேண்டும்.

மாலையை ஈடுகட்ட வேறு ஒரு வழி தற்செயலாகத் திறந்தது. 2021-ல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது ஒரு காலனியில், பிளஸ் டூ முடித்த பணியர் பெண் தன்னார்வலராகச் சேர்ந்தார். எட்டாம் வகுப்பு வரையிலான திட்டம் அது. ஆனால் அவர் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் பாடத்தைத் தங்கள் மொழியில் சொல்லி, தமிழில் எழுதவைத்தார். அந்த ஆண்டு அந்தக் காலனியிலிருந்து யாரும் நடுவில் நிற்கவில்லை. கூடலூரில் வித்யோதயா பள்ளி பல ஆண்டுகளாகப் பழங்குடிப் பிள்ளைகளோடு அவர்களுடைய பண்பாட்டிலிருந்து தொடங்கிக் கற்பித்து வருகிறது. அவர்கள் முன்பே கண்டதைத்தான் நாங்கள் ஒரு திண்ணையில் கண்டோம். தமிழ் கற்றலைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் மனதார ஏற்கிறேன். இங்கே வாழும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். அந்தத் தமிழுக்கு அவளைக் கூட்டிவர அவள் மொழி தெரிந்த ஒருவர் பள்ளிக்குள் வேண்டும், சம்பளத்தோடு. திண்ணையில் இருந்த பெண்ணுக்குக் கிடைத்தது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை.

நோன்பு பற்றியும் ஒரு சொல். 2023-லும் 2024-லும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரமலான் மாதத்தில் வந்தது. எங்கள் முஸ்லிம் பிள்ளைகள் பலர் நோன்போடு எழுதினார்கள். திருப்புதல் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் அவர்கள் முன்னால் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் வெளியே போய்க் குடித்து வந்ததைப் பார்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் பள்ளி முடிந்துவிடுகிறது. பதினொன்றுக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும். பிள்ளைகளை நாங்கள் இழப்பது அங்கேதான். தேர்ச்சி பெற்ற பழங்குடிப் பிள்ளை மேல்நிலையில் சேராமல் தோட்ட வேலைக்குப் போவது மே மாதத்தில் சத்தமில்லாமல் நடக்கிறது. ஆகவே மே மாதம் எனக்கு விடுமுறை இல்லை. பழங்குடியினர் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்காது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை, கையெழுத்து என்று நாள் பிடிக்கும். எட்டாம் வகுப்பிலேயே அதற்கு மனு போடவைக்கிறோம். டான்டீ பிள்ளைகளுக்கு வேறு கவலை. அப்பாவோ அம்மாவோ ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்; டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவதாக 2022-ல் அறிவிப்பு வந்தபிறகு அந்தக் கவலை கூடியிருக்கிறது. படிப்பைத் தொடர்வதா, வீட்டு வாடகைக்குச் சம்பாதிப்பதா என்று பதினைந்து வயதில் முடிவெடுக்கிறார்கள்.

அட்டைப் பாடம் நடத்திய பையனைப் பதினொன்றில் அறிவியல் பிரிவில் சேர்க்க அவன் அம்மாவிடம் பேசப் போனேன். கூடவே, அன்று அவனுக்கு மொழிபெயர்த்த பையனும் வந்தான். அம்மாவுக்குப் படிப்பில் மறுப்பு இல்லை. மதிப்பெண் பட்டியலை வாங்கி இரு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார். "சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு எங்க காலனி வழி வர பஸ் இருட்டினப்புறம்தானே சார் வருது, ரோட்டுல எறங்கி யாருகூட நடந்து வருவான்?"

எனக்கும் அதற்குப் பதில் இல்லை. மொழிபெயர்த்தவன் தன் மாமா வீடு பள்ளிக்குப் பக்கம் என்றும், வாரத்தில் மூன்று நாள் அங்கே தங்கலாம் என்றும் மலையாளத்தில் அவரிடம் சொன்னான். மற்ற நாட்களுக்கு அந்த வழியில் போகும் ஜீப்காரர் ஒருவரிடம் பேசி ஒப்புக்கொள்ளவைத்தோம். பஸ் நேரத்தை ஒரு மணி முன்னால் மாற்றக் கேட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு அனுப்பினோம். அடுத்த ஆண்டு அதே மனுவை மறுபடி அனுப்பினோம். இந்த மே மாதமும் காலனியிலிருந்து நான்கு பிள்ளைகள் பதினொன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. மனுவின் நகலை எடுத்துக்கொண்டு இந்த முறை டிப்போவுக்கே நேரில் போகிறோம், பிள்ளைகளின் அம்மாக்களும் வருகிறார்கள்.